மூணு செகண்டு

பத்தொன்பது வயதில் அவளுக்கு இரண்டாவது தடவையாகப் பெயர் வைத்தார்கள். வைத்தவர் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர். வைத்த பெயர் மூணு செகண்டு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சான்றிதழில் தூங்கிக்கொண்டிருக்க, இந்தப் பெயர் மைதானத்திலிருந்து தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து மாடிப்படி ஏறி வீட்டுக்குள்ளேயும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பது வருடம் கழித்தும் கீழே சைக்கிள் கடைக்காரர் அவளைப் பார்த்தால், "என்ன மூணு, வேலைக்குக் கெளம்பியாச்சா?" என்றுதான் கேட்பார். அவருக்கு அர்த்தம் தெரியாது. வீட்டுக்கு மூன்றாவது பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அர்த்தம் இதுதான். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தை அவள் சொந்த மைதானத்தில் இரண்டு நிமிடம் பன்னிரண்டு செகண்டில் ஓடுவாள். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் அது இரண்டு நிமிடம் பதினைந்தாகிவிடும். ஏதோ ஒரு தடவை என்றால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம். போன தடவையெல்லாம் அப்படித்தான். அந்த மூன்று செகண்டு எங்கே போகிறது? மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். பயம் தின்றுவிடுகிறது.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கழுத்தில் எந்நேரமும் இரண்டு ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஒன்று தப்பாகக் காட்டினால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும் என்பார். குளித்துவிட்டு வரும்போதே மாட்டிக்கொண்டுதான் வருவார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். செகண்டைப் பத்தாகப் பிளந்து, பத்தை நூறாகப் பிளந்து நோட்டில் எழுதுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், ஓடுகிற தூரத்தை மட்டும் ஒருநாள்கூட அளந்து பார்த்ததில்லை. நானூறு மீட்டர் மைதானம் என்று வாசலில் போர்டு இருக்கிறது, அது போதாதா?

இந்தப் பயத்தை வைத்தே அவர் பெரிய ஆளாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் எல்லோருமே வீட்டில் புலி, வெளியில் பூனை. வேறொருவராக இருந்தால் இதென்ன கூத்து என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார். மாஸ்டர் யோசிக்கவில்லை, புத்தகம் போட்டார். நாற்பது பக்கம். 'ஒளிந்திருக்கும் செகண்டுகள்' என்று தலைப்பு, அட்டையில் அவர் படம், கழுத்தில் இரண்டு வாட்ச். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். பிறகு சோப்புக் கம்பெனியில் விற்பனையாளர்களுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். அங்கேயும் போய்ப் பயத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, ஒரு சால்வையும் ஒரு பெட்டி சோப்பும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவருடைய பயக் கணக்கு ரொம்ப நுணுக்கமானது. ஒரு ரவுண்டு ஓடுகிறவனுக்கு ஒரு பங்கு பயம். இரண்டு ரவுண்டு ஓடும் எண்ணூறு மீட்டர்க்காரிக்கு இரண்டு பங்கு. ஆயிரத்து ஐந்நூறு ஓடுகிறவனுக்கு நாலு பங்கு. தூரம் கூடக்கூட யோசிக்க நேரம் கிடைக்கிறதாம், யோசிக்க யோசிக்கப் பயம் ஊறுகிறதாம். நூறு மீட்டர் ஓடுகிறவர்கள் மட்டும் வெளியூரிலும் அதே நேரத்தில் ஓடினார்கள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"அவங்களுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிக்கிறதுக்குள்ள கோடு வந்துடும். முட்டாளுக்கு ஏது பயம்?" என்பார். நூறு மீட்டர்ப் பிள்ளைகளும் அதைக் கேட்டுப் பெருமையாகச் சிரிப்பார்கள்.

இன்னொரு விஷயமும் அவர் கண்ணில் பட்டது. வருடா வருடம் பயம் வளர்ந்துகொண்டே போனது. ஆரம்பத்தில் ஒரு செகண்டு, பிறகு இரண்டு. இவள் காலத்தில் மூன்று. அதற்குப் பிறகு நாலு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கோழைகள் என்று தீர்ப்பு எழுதினார். செல்போன்தான் காரணம், அம்மாக்கள் கொடுக்கும் செல்லம்தான் காரணம் என்று இரண்டாம் பதிப்பில் ஒரு அத்தியாயமே சேர்த்தார்.

அவள் கடைசியாக ஓடிய போட்டியில் எட்டுப் பேர் ஓடினார்கள். முதல் ரவுண்டு முடிந்து மணி அடித்தபோது அவள் ஆறாவது. பின்பக்க நேர்க்கோட்டில் ஒருத்தியைத் தாண்டினாள். கடைசி வளைவில் வெளிப்பக்கமாகப் போய் இன்னும் இரண்டு பேரை. கால் கல்லாகிவிட்டது, வாயில் இரும்பு ருசி, முன்னால் போகிறவளின் சட்டை எண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணில் இல்லை. மூன்றாவதாக வந்தாள். புல்லில் விழுந்து கிடந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு மேல் ஓடத் தன்னிடம் எதுவும் மிச்சமில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாழ்க்கையில் அப்படி நிச்சயமாகத் தெரிந்த விஷயங்கள் ரொம்பக் கொஞ்சம்.

மாஸ்டர் வந்து நின்றார். இரண்டு வாட்சையும் அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "ரெண்டு பதினஞ்சு. நம்ம கிரவுண்டுல பன்னெண்டு. இந்த மூணு செகண்டை யாருக்குக் கொடுத்துட்டு வந்த?"

"முடிஞ்ச வரைக்கும் ஓடினேன் மாஸ்டர்."

"முடிஞ்ச வரைக்கும் ஓடலை. பயந்து ஓடின. காலு நல்ல காலு, நெஞ்சுதான் தொடைநடுங்கி." பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நெஞ்சு எப்படித் தொடைநடுங்கும் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று.

அவள் அதை நம்பினாள் என்பதுதான் இதில் மகா கேவலம். இரண்டு வாட்ச் வைத்திருக்கிற மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, தன் நுரையீரல் சொன்ன சாட்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் பேச்சை எடுத்து வைத்துக்கொண்டாள். ஓட்டத்தை விட்டாள். சாலை போடும் ஒப்பந்தக்காரரிடம் அளவெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு கம்பின் நுனியில் சக்கரம், சக்கரத்தின் மேல் எண் காட்டும் பெட்டி. அதைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்தால் எத்தனை மீட்டர் என்று அது சொல்லும். அவள் அளவு தப்பியதே இல்லை. ஆனாலும் இன்ஜினியர், "என்னம்மா, ரெண்டு மீட்டர் இடிக்குதே" என்று முகத்தைச் சுளித்தால், "நான்தான் தப்பாப் பார்த்திருப்பேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் அளப்பாள். அதே எண்தான் வரும். அதைச் சொல்லவும் தயங்குவாள்.

ஒருவன் அவளைப் பிடித்திருக்கிறது என்றான். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்து, அந்தக் குழந்தைக்குப் பல்லும் முளைத்துவிட்டது. நான்தான் பயந்தாங்கொள்ளி ஆயிற்றே என்று அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. அவளும் அக்காவும் அக்காவின் மகளும். அக்கா துணி தேய்க்கும் கடையில் கணக்காகப் பேசிக் கறாராக வேலை வாங்குகிறவள். அக்கா மகளுக்குப் பதினேழு வயது, கழுத்துக்குக் கீழே எல்லாமே கால். பிடிவாதக்காரி. எண்ணூறு மீட்டர்தான் ஓடுவேன் என்று அதே மைதானத்தில் அதே மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தாள். வேண்டாம் என்று சொல்லச் சித்திக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெண் சொந்த மைதானத்தில் இரண்டு நிமிடம் எட்டு செகண்டில் ஓடினாள். மாஸ்டர் குதித்தார். வெளியூரில் ஓடினாள், இரண்டு பதின்மூன்றரை. மாஸ்டர் முகம் தொங்கிப் போயிற்று. அடுத்த போட்டி, இரண்டு பதினாலு. பெயர் வைத்துவிட்டார். அஞ்சு செகண்டு.

பயத்துக்கு வைத்தியமும் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். வாளித் தண்ணீரில் முகத்தை முக்கச் சொன்னார். பார்வையாளர் படிக்கட்டின் உச்சியில் ஏறி நின்று, நான் பயப்படமாட்டேன் என்று நூறு தடவை கத்தச் சொன்னார். அந்த நேரத்தில் இரண்டு தடவை முந்நூறு மீட்டர் ஓடச் சொல்லியிருந்தாலாவது காலுக்கு ஏதாவது சேர்ந்திருக்கும்.

அந்த வாரம் சனிக்கிழமை பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கும் பட்டியல் போடுவதாக இருந்தது. எண்ணூறுக்கு இரண்டு பெண்கள். அதில் ஓடினால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், மேலே படிக்கலாம். இல்லாவிட்டால் அம்மாவோடு இஸ்திரிப் பெட்டிதான். புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் வந்து ஷூவைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தாள்.

"சித்தி, நான் லிஸ்ட்ல இல்ல."

"யாரு சொன்னா? சனிக்கிழமைதான போடுவாரு?"

"மாஸ்டரே சொல்லிட்டாரு. உங்க ரத்தத்துலேயே இருக்குன்னாரு. உன் சித்திக்கு மூணு, உனக்கு அஞ்சு, வம்சமே தொடைநடுங்கின்னாரு."

அக்கா தேய்த்து மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே போட்டாள். "அந்தாளு வாயில..." என்று ஆரம்பித்தவள், தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு ரவுண்டை அறுபத்தி நாலுல ஓடிப் பழகியிருக்கேன் சித்தி. தூக்கத்துல எழுப்பி ஓடவிட்டாலும் அறுபத்தி நாலு. அங்க போனா மொத ரவுண்டு முடியறப்போ அறுபத்தி ஏழுன்னு கத்துறாங்க. அய்யோ, பின்தங்கிட்டோம்னு பதறி வளைவுலேயே எல்லாத்தையும் கொட்டிடறேன். கடைசி நூறுல ஒண்ணுமே இருக்கறதில்ல. அப்ப அது பயம்தான?"

சித்தி அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் இடது முழங்கையில் ஒரு காயம் இருந்தது, பழசும் புதுசுமாகத் தோல் உரிந்து. "அது என்ன?"

"வளைவுல பைப்பு இடிக்குது. உள்பக்கமா வந்தா கை படுது. எல்லாருக்கும் இருக்கு இந்தத் தழும்பு."

தண்ணீர்க் குழாய். அவளுக்கும் தெரியும் அந்தக் குழாய். ஓட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கப் போனால் வெள்ளைக் கோட்டிலிருந்து இரண்டு எட்டு வைக்க வேண்டும். அது எப்படிக் கையில் இடிக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. குழாயை மாற்றி வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். எதையும் அப்படி விட்டுவிடுவதுதான் அவள் வழக்கம்.

மறுநாள் ஒரு சாலை வளைவில் ஓரக்கல் பதிக்கும் வேலை. கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் கல் இறக்கியிருந்தார். வெளிப்பக்கத்தில் கல் போதவில்லை, உள்பக்கத்தில் குவியலாக மிச்சம் கிடந்தது.

"ஒரே ரோடுதானம்மா, ரெண்டு பக்கமும் ஒரே நீளம்தானே வரணும்?" என்றார்.

"நேர் ரோடுன்னா வரும் அண்ணே. வளைவுல உள்ள தள்ளத் தள்ள நீளம் குறையும். ஒரு மீட்டர் உள்ள போனா முழு வட்டத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல அடிபட்டுடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள், சொல்லி முடித்ததும் சிரிப்பை நிறுத்தினாள். நேர் ரோடு என்றால் வரும். நூறு மீட்டர்க்காரர்களுக்குப் பயம் இல்லை. வளைவு கூடக்கூடப் பயம் கூடுகிறது. குழாய் நகரவில்லை. கோடு நகர்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அளவுச் சக்கரத்தோடு மைதானத்துக்குப் போனாள். யாரும் இல்லை. கோடு போடும் சுண்ணாம்பு அண்ணன் மட்டும் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்திருந்தார். மைதானம் திறந்த நாளிலிருந்து, இருபத்தொரு வருடமாக, கோடு போடுவது அவர்தான். முதல் லேனின் உள்கோட்டிலிருந்து ஒரு அடி தள்ளி, ஓடுகிறவர்களின் கால் எங்கே விழுமோ அங்கே சக்கரத்தை வைத்து, நிதானமாக ஒரு சுற்று வந்தாள். முந்நூற்று எண்பத்து மூன்று. நம்பாமல் இன்னொரு சுற்று. முந்நூற்று எண்பத்து மூன்று. நான்தான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று பழைய நாக்கு சொல்ல வந்தது. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அந்த நாக்கை அடக்கினாள்.

"அண்ணே, கோட்டை உள்ள தள்ளித் தள்ளிப் போடறீங்களா?"

"ஆமா பாப்பா. ஓடி ஓடி உள்பக்கம் குழி விழுந்துடுது. மழைக்குத் தண்ணி நிக்கும். பிள்ளைங்க காலு மடங்கிடும்ல? மண்ணைப் போட்டு மூடிட்டு, அந்த வருஷத்துக் கோட்டை அரைச் சாண் உள்ள போட்டுடுவேன். சில வருஷம் கொஞ்சம் கூட." அவர் பெருமையாகவே சொன்னார். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் கணுக்கால் பிசகியதில்லையாம்.

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. அந்த மைதானத்தில் பிள்ளைகளின் காலைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான். மண்வெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கே மூன்று மீட்டருக்கு, நாலு விரல் ஆழத்துக்கு மண்ணைச் சீவச் சொன்னாள். சீவச் சீவ உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் எழுந்து வந்தன. இறுகிப்போன சுண்ணாம்பு, வருடத்துக்கு ஒன்று. கடைசியில் கிடந்தது முதல் வருடத்துக் கோடு. அதற்கு வெளியே சுத்த மண்.

அவள் போன வருடத்துக் கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். ஒன்பதாவது கோட்டில் நிறுத்தினாள். அது அவள் ஓடிய கோடு. முதல் கோட்டிலிருந்து அது ஒன்றரை மீட்டர் உள்ளே இருந்தது. ஒரு ரவுண்டுக்கு ஒன்பது மீட்டர் குறைவு. இரண்டு ரவுண்டுக்குப் பதினெட்டு, பத்தொன்பது மீட்டர். அவள் வேகத்துக்குப் பத்தொன்பது மீட்டர் ஓட எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதில் கணக்குப் போட்டாள். மூன்று செகண்டு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைதான் முதலில் வந்தது. புல்லில் விழுந்து சிரித்த அந்தப் பெண் சரியாகத்தான் சிரித்திருக்கிறாள். அவளை ஒன்பது வருடமாக இவளே கோழை என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன பாப்பா, கோடு ஏதாவது தப்பா?" என்றார் சுண்ணாம்பு அண்ணன்.

"கோடு போட்டது தப்பில்ல அண்ணே. அளந்து பார்க்காததுதான் தப்பு."

எந்தக் கோடு எந்த வருடம், எவ்வளவு உள்ளே என்று நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பிறகு மாஸ்டரின் அறைக்குப் போனாள். சுவர் முழுக்கப் பட்டியல்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த மைதான நேரம், வெளியூர் நேரம், நடுவில் சிவப்பு மையில் பயம். மாஸ்டர் இன்னும் மூன்று மாதத்தில் நடக்கப்போகும் தன் பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் வாசகம் திருத்திக்கொண்டிருந்தார்.

"யாரு, மூணா? வா வா. அக்கா பொண்ணுக்காகச் சிபாரிசா?"

அவள் எண்ணைச் சொன்னாள். மண்ணுக்கடியில் கிடக்கும் கோடுகளைச் சொன்னாள். மாஸ்டர் முதலில் சிரித்தார். அப்புறம் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். சீவிய மண்ணும் வெள்ளைக் கோடுகளும் அங்கிருந்தே தெரிந்தன. திரும்பியபோது முகம் மாறவில்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"சரி, கிரவுண்டு கொஞ்சம் கொறைச்சலா இருக்குன்னே வச்சுக்கோ. அதனால பயம் இல்லைன்னு ஆயிடுமா?"

"அஞ்சு செகண்டும் தூரத்துக்கே சரியாப் போச்சு மாஸ்டர். பயத்துக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல."

"நீ படிச்சிருக்கியா மனோதத்துவம்?"

"அளக்கப் படிச்சிருக்கேன்."

அவர் உட்கார்ந்தார். மெதுவாகப் பேச ஆரம்பித்தார். இது வெளியே தெரிந்தால் மைதானத்துக்கே அவமானம், இங்கே எடுத்த நேரமெல்லாம் செல்லாது என்பார்கள், பிள்ளைகளின் எதிர்காலம் கெடும் என்றார். அவருடைய எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிள்ளைகளுக்காகவே உருகினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "கோட்டை நாளைக்கே சரி பண்ணிடறேன். உன் அக்கா பொண்ணு லிஸ்ட்ல இருப்பா. நீ இதை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிய வேண்டாம். என்ன?"

"அவ ஓடி முடிக்கிற வரைக்கும் சொல்லமாட்டேன்" என்றாள். அவர் பாதியைத்தான் காதில் வாங்கினார். அவளுக்கோ தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒன்பது வருடத்தைத் திருடியவனிடம் போய்ப் பேரம் பேசிவிட்டு வருகிறோமே என்று படி இறங்கினாள். ஆனால் பட்டியலில் ஒரு பெயர் சேர வேண்டியிருந்தது.

வீட்டில் அக்கா மகளுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் முழங்கைக் காயத்தையே தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப நீங்களும் பயப்படலையா சித்தி?" என்றாள். அக்கா அடுப்படியிலிருந்து வந்து தங்கையின் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டுப் போனாள்.

கோடு சரியானதும் எல்லோருடைய நேரமும் மளமளவென்று ஏறியது. பிள்ளைகள் திகைத்தார்கள். மாஸ்டர் அசரவில்லை. "இது கடினப் பயிற்சிக் காலம். உடம்பு களைச்சுத்தான் இருக்கும்" என்றார். மண்வெட்டித் தடத்தைக் கேட்டவனிடம் குழாய் வேலை என்றார். அக்கா மகளுக்கு மட்டும் ரகசியம் தெரியும். தினமும் சாயங்காலம் சித்தி மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றாள். அறுபத்தாறரையில் ஒரு ரவுண்டு, மூச்சு வாங்க இரண்டு நிமிடம், மறுபடி அறுபத்தாறரை. எட்டுத் தடவை. காலுக்குப் புதுக் கணக்கு ஏற ஆறு வாரம் ஆயிற்று.

பெரிய போட்டியில் முதல் ரவுண்டு முடிவில் அறுபத்தாறு என்று கத்தினார்கள். அந்தப் பெண் பதறவில்லை. அவளுக்குத் தெரிந்த எண்தான் அது. பின்பக்க நேர்க்கோட்டில் இரண்டு பேர் பாய்ந்தார்கள், அவள் பாயவில்லை. கடைசி இருநூறு மீட்டரில் வேகம் எடுத்தாள். இரண்டு நிமிடம் பன்னிரண்டரை, இரண்டாவது இடம், விடுதியில் இடம். அந்த மைதானத்திலிருந்து போன மற்ற பிள்ளைகளும் வீட்டில் ஓடிய நேரத்தையே அங்கேயும் ஓடினார்கள். ஒருவருக்கும் ஒரு செகண்டுகூடப் பயம் இல்லை.

மாஸ்டர் பத்திரிகைக்காரரிடம் சொன்னார்: "இருபது வருஷ ஆராய்ச்சி சார். பயத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துட்டேன்."

பாராட்டு விழா பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. இருபத்தொரு வருடத்துப் பழைய பிள்ளைகளையெல்லாம் வரவழைத்திருந்தார்கள். தொப்பை வைத்தவர்கள், குழந்தையை மடியில் வைத்தவர்கள், வழுக்கை விழுந்தவர்கள். ஒருவரையொருவர் பழைய பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். ரெண்டு, நாலு, ஆறு என்று கிண்டலும் சிரிப்பும். ஆனால் ரெண்டும் நாலும் மேடையை நிமிர்ந்து பார்க்கும்போது முகம் கொஞ்சம் சின்னதாகிவிடுவதை மூன்றாவது வரிசையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். பயத்தைப் பற்றி அழகாகப் பேசினார். எதற்கும் அசையாமல் வென்றுவிட்ட மனிதரின் அடக்கத்தோடு, தன் தோல்வி ஒன்றையும் சொல்வதாக அறிவித்தார்.

"எல்லாரையும் என்னால குணப்படுத்த முடியல. ஒரு பொண்ணு இருந்தா. நல்ல காலு. ஆனா மூணு செகண்டு. என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன், அவளோட நெஞ்சுலேர்ந்து அதை எடுக்க முடியல. இன்னிக்கு அவளோட அக்கா பொண்ணு ஜெயிச்சிருக்கான்னா, அந்தத் தோல்வியிலேர்ந்து நான் கத்துக்கிட்ட பாடம்தான்."

கைதட்டல். அக்கா மகள் திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். அவள் எழுந்து நின்றாள். மடியிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மாஸ்டர், நம்ம கிரவுண்டு ஒரு ரவுண்டு எத்தனை மீட்டர்?"

கைதட்டல் நின்றது. மாஸ்டர் சிரித்தார். "நானூறு. வாசல்ல போர்டே இருக்கே."

"இப்பவா, அப்பவா?"

அவருடைய கை தானாகப் போய் இரண்டு வாட்சையும் பிடித்துக்கொண்டது. அவள் மேடையைப் பார்க்காமல் நாற்காலிகளைப் பார்த்துத் திரும்பினாள். "மூணு மாசம் முன்னாடி வரைக்கும் அந்தக் கிரவுண்டு நானூறு இல்ல. வருஷா வருஷம் கோடு உள்ள போயிட்டே இருந்தது. என் வருஷத்துல முந்நூத்தித் தொண்ணூறு. வெளியூர்ல நாம முழுத் தூரம் ஓடினோம், அதான் கூட நேரம் ஆச்சு. நான் பயப்படல. யாருமே பயப்படல. இந்த மூணு மாசமா மாஸ்டருக்கே இது தெரியும்."

"கொஞ்சம் மைக்கை..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார். கடைசி வரிசையிலிருந்து சுண்ணாம்பு அண்ணன் எழுந்தார். "பாப்பா சொல்றது நெசம். நான்தான் மண்ணைச் சீவினேன். எல்லாக் கோடும் அடியில அப்படியே கெடக்கு" என்றார்.

அப்புறம் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு தடித்த ஆள் மெதுவாக எழுந்தார். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவர், அவளுக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தவர். அவரை எல்லோரும் ஆறு என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது ஏதோ கடையில் மேனேஜராம். கைக்குட்டையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே, மாஸ்டரைத் திரும்பியும் பார்க்காமல், அவளிடம் கேட்டார்.

"எனக்கு எவ்வளவுக்கா?"

அவர் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். அதற்குப் பின்னால் இரண்டு பேர். நாற்காலிகள் நகரும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. அவள் பையைத் திறந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

"வரிசையா வாங்க. நீங்க எந்த வருஷம் ஓடினீங்க?"